வெள்ளகோவில் லைனில் கேட்டது

மாலை ஐந்து மணி நாற்பது. செய்திப் பிரிவுக் கம்ப்யூட்டரை மேசை விளிம்புக்கு இழுத்து, டார்ச் அடித்து அதன் முதுகைப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டவை மூன்று நூல்கள்: சிவப்பு, பச்சை, கறுப்பு. அவை சுற்றப்பட்டிருந்த மூன்று வயர் பின்களும் அதனதன் துளையில் இருந்தன. நான்காவது துளை காலி. காலியாகத்தான் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் பிழை இல்லை. அது எனக்கு நிம்மதியாக இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நாளிதழின் பதிப்பு அலுவலகம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், காந்திபுரத்தில் ஒரு கடையில் டி.வி. பழுது பார்த்தேன், அச்சுக்கோப்பு கம்ப்யூட்டருக்கு மாறியபோது பத்திரிகைக்கு வந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டே பேர்: பொறுப்பாளர் ராஜுலு சார், நான்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய பிரிவின் வாட்ஸப் குழுவில் இருக்கிறேன். சென்ற மாதம் அதில் ஒருவர், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் ஹெட்போன் துளையில் சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு வழி சொன்னார்கள். இப்போது ஒரே துளையை மைக்காகவும் வைத்துக்கொள்ளலாம், ஸ்பீக்கராகவும் மாற்றிக்கொள்ளலாம், பின்னைச் செருகியதும் “எதைச் செருகினீர்கள்?” என்று திரையே கேட்கிறது. கடைசியில் அவர், “மேடம், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிப் பண்ணுனீங்க?” என்று கேட்டார். அன்றைக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

வெளியூர் நிருபர்கள் மாலையில் தொலைபேசியில் செய்தி சொல்வார்கள். செய்தி மேசையில் ஒருவர் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுவார். பெயர், வயது, ஊர் ஆகியவற்றைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் விதி பறக்கும்; மறுநாள் உயிரோடு இருப்பவர் செத்தவர் பட்டியலில் வந்துவிடுவார். அதனால் தொலைபேசிச் செய்தியைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்வது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கோட்டைமேட்டில் ரேடியோ வேலை பார்த்த ஒரு பாய், சோப்புப் பெட்டி அளவில் ஓர் இணைப்புப் பெட்டி செய்து கொடுத்தார். அதிலிருந்து ஒரு வயர் தொலைபேசியின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும். இன்னொரு வயர் கம்ப்யூட்டரின் ஒலியைத் தொலைபேசிக்குள் அனுப்பும். நிருபர் சொன்னதை அவருக்கே திருப்பிப் போட்டுக் காட்டி, “பேர் சரிதானுங்களா?” என்று கேட்பதற்கு அந்த இரண்டாவது வயர்.

மூன்றாவது வயர் மேசை மைக்குடையது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், “பவானி, இரண்டாவது செய்தி” என்பதுபோல மேசையில் இருப்பவர் அதில் பெயர் சொல்லி வைப்பார்.

இன்று துளைகளுக்குப் பச்சை, நீலம், ரோஸ் என்று நிறம் உண்டு. அன்றைய சவுண்ட் கார்டில் நான்கும் ஒரே மாதிரி கறுப்பு ஓட்டைகள். பக்கத்தில் தகட்டில் குத்திய அடையாளத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ராஜுலு சார் ஜமக்காள நூல் வாங்கிவந்து பின்களில் சுற்றினார். உள்ளே வருவது சிவப்பு, வெளியே போவது பச்சை, மைக்குக்குக் கறுப்பு. நூலைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின் மேல் ஒரு சொட்டு மெழுகு விடுவார். அந்த மெழுகு இறுகும்வரை அடுத்த பின்னைத் தொடமாட்டார். பழுது என்று யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி “என்ன ஆச்சு?” அல்ல, “என்ன மாறுச்சு?” ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் சோதிக்க வேண்டும், சோதித்த பிறகே அடுத்தது. என்னிடம் அவர் கோபப்பட்ட இரண்டு மூன்று தடவையும் நான் இரண்டு பொருள்களைச் சேர்த்து மாற்றியதற்குத்தான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இருந்தவரை வேலை எளிது. டாஸ் தானாக எதுவும் செய்யாது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஓடும் கட்டளைகளில், மைக்கைப் பூஜ்யத்தில் வை என்று ராஜுலு சார் ஒரு வரி எழுதியிருந்தார். பெயர் சொல்லும்போது மட்டும் ஒரு விசையைத் தட்டினால் மைக் திறக்கும், மறுபடி தட்டினால் மூடும். பிறகு விண்டோஸ் 95 போட்டோம். அதில் ஒலி அளவுக்கு இரண்டு பலகைகள். ஒன்று பதிவுக்கு: எந்தத் துளையிலிருந்து வருவதைப் பதிய வேண்டும் என்று அதில் குறியிட வேண்டும். மற்றொன்று வெளியீட்டுக்கு: எந்தத் துளையின் ஒலி வெளியே போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் செய்தது மற்றொன்றைத் தொடாது.

வெள்ளகோவில் நிருபர் நாச்சிமுத்து. அங்கே உர மருந்துக் கடை வைத்திருந்தார். எங்களுக்குப் பகுதி நேர நிருபர். வயது அறுபதை நெருங்கியிருக்கும். தினமும் கடை எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவார். அவர் சொல்லும் விதம் இப்படி இருக்கும்:

“எழுதிக்கலாமுங்களா? காங்கேயம் ரோட்டுலீங்க, முத்தூர் பிரிவுகிட்டீங்க, லாரியும் மொபெட்டும் மோதிக்கிச்சுங்க. லாரிக்காரரு எறங்கி ஓடிப்போயிட்டாருங்க.”

திருடனும் அவருக்குத் திருடர்தான்: “பூட்டை ஒடைச்சுப்போட்டு உள்ள வந்திருக்காருங்க.”

மேசைத் தலைவர் தனபால். கோபிக்காரர், வீட்டில் பேசுவது நாச்சிமுத்து மாதிரிதான்; ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் தலைப்புச் செய்தி மாதிரிதான் பேசுவார். நாச்சிமுத்துவுக்கு அவர் வைத்த பெயர் ‘கூட்ஸ் வண்டி’. மணி அடித்து வெள்ளகோவில் என்றதும், ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தி, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, “கூட்ஸ் வந்திருச்சுப்பா. கேட்டைச் சாத்துங்க” என்பார். மேசையே சிரிக்கும். வேலை முடித்து அங்கே தேநீர் குடிக்க நிற்கும் நானும் சிரித்திருக்கிறேன். ரிசீவரைப் பொத்திவிட்டு எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். அமைச்சரின் உதவியாளரிலிருந்து ஆசிரியரின் மாமனார்வரை அந்த உள்ளங்கைக்குப் பின்னால் நாங்கள் பேசாத ஆள் கிடையாது.

விண்டோஸ் 95 வந்த சில வாரங்களில் தனபால் பொறுப்பாசிரியரிடம் ஒரு புகார் கொண்டுபோனார். நாச்சிமுத்து செய்தி சொல்லும்போது நடுநடுவே நிறுத்திவிடுகிறார். அலோ அலோ என்று கத்தினால், “இருக்கேனுங்க” என்கிறார். காது மந்தமோ, தூக்கமோ, வயதோ. காங்கேயத்தில் ஃபேக்ஸ் வைத்திருக்கும் ஓர் இளைஞர் இரண்டு ஊரையும் பார்த்துக்கொள்ளத் தயார்.

நாச்சிமுத்துவுக்கு அந்த வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். உர மருந்துக் கடையில் அவருக்குச் சோறு இருந்தது. ஆனால் காவல் நிலையத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் அவருக்கு நாற்காலி போடப்பட்டது நிருபர் அட்டைக்காக. ஊரில் அவரை ‘பத்திரிகைக்காரரு’ என்றுதான் அழைத்தார்கள். நாச்சிமுத்து என்றால் எந்த நாச்சிமுத்து என்று கேட்பார்கள்.

பொறுப்பாசிரியர் நிதானமானவர். நாச்சிமுத்துவை நிறுத்துவதற்கு முன், இடைவெளி மனிதரால் வருகிறதா எந்திரத்தால் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்.

பெயரில் சந்தேகம் வந்தால் மட்டுமே பதிவுகளைத் திரும்பக் கேட்பது வழக்கம். முழுவதையும் யாரும் கேட்டதில்லை. வெள்ளகோவில் பதிவுகளை எங்கள் அறைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு ஹெட்போன் மாட்டினேன். கிணற்றில் விழுந்த மாட்டைத் தீயணைப்பு வீரர்கள் மீட்ட செய்தி. “மாட்டுக்காரரு பேரு சென்னியப்பனுங்க” என்றபின் நாச்சிமுத்துவின் குரல் நின்றது. அந்த மௌனத்தில், சற்றுத் தள்ளி நின்று பேசுவதுபோல இன்னொரு குரல் கேட்டது.

“இவரு செத்தாக்கூட மூணு நாள் கழிச்சுத்தான்யா நியூஸ் குடுப்பாரு.”

தனபாலின் குரல். பிறகு சிரிப்பு; நான்கைந்து பேர். அதில் ஒன்று பெண்ணுடையது. மேசையில் அந்த நேரம் நிற்கும் பெண் நான் ஒருத்திதான்.

சிரிப்பு ஓயும்வரை அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இருந்தது. ஓய்ந்தபின் ஒரு செருமல். “மாட்டுக்கு அடி ஒண்ணும் இல்லீங்க. எழுதிக்கலாமுங்களா?”

அடுத்த பதிவைப் போட்டேன். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அவர் நின்ற இடங்கள் நாங்கள் பேசிய இடங்கள். அவர் தூங்கவில்லை. நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது மாதிரி.

பிறகுதான் செய்திப் பிரிவுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். நூல்கள் சரி. திரையில் பதிவுப் பலகையைத் திறந்தேன்: தொலைபேசித் துளையில் மட்டும் குறி இருந்தது, மைக்கில் இல்லை. ஆக, மைக்கில் விழுந்த குரல் நேராகப் பதிவாக வழியில்லை. அது தொலைபேசி லைன் வழியாகத்தான் பதிவுக்கு வந்திருக்க வேண்டும். லைனில் வந்திருந்தால், அந்த லைனின் மறுமுனையில் இருப்பவருக்கும் போயிருக்கும்.

ராஜுலு சாரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். கிணற்று மாட்டுச் செய்தியை முழுவதும் கேட்டார். கழற்றி, அதன் வயரை மெதுவாகச் சுருட்டி மேசையில் வைத்தார்.

“என்ன மாறுச்சு?” என்று கேட்டார். என்னிடம் அல்ல.

“விண்டோஸுங்க சார்.”

“இருக்கட்டும். சோதிக்காம சொல்லக் கூடாது.”

முன்கூடத்தில் வரவேற்பு மேசையில் தனி லைன் இருந்தது. அங்கிருந்து செய்தி மேசைக்கு டயல் செய்தார். நான் ரிசீவரை எடுத்து, தனபால் செய்வதுபோலவே வாயைப் பொத்தி மார்பில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைச் சாதாரணக் குரலில் படித்தேன். ஆறாவது விதியில் அவர் வாசலில் வந்து நின்றார்.

“கேக்குதும்மா. நல்லாக் கேக்குது. பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி.”

வெளியீட்டுப் பலகையைத் திறந்தார். அதில் மைக்குக்குக் கீழே, ஒலியை மூடும் ‘மியூட்’ கட்டம் காலியாக இருந்தது. எங்கள் சவுண்ட் கார்டுக்கு விண்டோஸில் போட்ட டிரைவர் மென்பொருள் மைக்கைத் திறந்தே வைத்திருந்தது. அறையில் ஸ்பீக்கர் இல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை. மேசையில் நாங்கள் பேசியது எல்லாம் மைக்கில் விழுந்து, பச்சை நூல் வழியாகத் தொலைபேசிக்குள் போய்க்கொண்டிருந்தது. மற்ற நிருபர்கள் நாலு வரி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்ய எங்களுக்கு நேரம் கிடைக்காது.

அவர் கட்டத்தில் குறியிட்டார். மறுபடி முன்கூடத்துக்குப் போய் டயல் செய்தார். நான் மறுபடி தீயணைப்பு விதிகளைப் படித்தேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். கிளம்பியதும் குறி காணாமல் போயிருந்தது. கட்டம் பழையபடி காலி. ஒவ்வொரு நாளும் காலையில் யாராவது குறியிட வேண்டும். ராஜுலு சார் பின்பக்கம் போய், கறுப்பு நூல் பின்னை உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மேசைக்கு மைக் அதோடு முடிந்தது. பெயரை எழுதி வைத்தால் போதும் என்றார்.

(பின்னாளில் ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுப் பார்த்தபோது, அதில் எல்லாத் துளைகளும் முதலில் மூடியே கிடந்தன. நாமாகத் திறந்தால்தான் ஒலி. சத்தமே வரவில்லை என்று மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ராஜுலு சார் மட்டும், “இவன் நாகரிகம் தெரிஞ்சவன்” என்றார்.)

தனபாலிடம் ராஜுலு சாரே சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“அவருக்குக் கேட்டிருக்காது சார்” என்றார் தனபால். “கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா? ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா?”

“உங்க ஊர்ல யாராச்சும் அப்படி முகத்துக்கு நேரா கேப்பாங்களா?”

அந்த நேரம் மணி அடித்தது. தனபால் எடுத்தார்; அந்தியூர் நிருபர். “ஒரு நிமிசம்” என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினார். பொத்திய கையைப் பார்த்தார். எங்களிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் கையை எடுத்துவிட்டு, “சொல்லுங்க” என்றார்.

இடைவெளிக்குக் காரணம் எங்கள் எந்திரம்தான் என்று ராஜுலு சார் பொறுப்பாசிரியரிடம் சொன்னார். என்ன மாதிரிக் காரணம் என்பதையும் சொன்னார். பொறுப்பாசிரியர், நாச்சிமுத்து தொடரட்டும் என்றார். யாராவது நேரில் போய் வரவேண்டும் என்றும் சொன்னார். தனபால் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜுலு சாரும் நானும் வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பஸ் ஏறினோம்.

நாச்சிமுத்து கடையில் இருந்தார். வெள்ளை வேட்டி, கை மடித்த சட்டை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அதற்கு முன் நான் அவரை நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட உயரமானவர். எங்களைக் கண்டதும் எழுந்து, மருந்து மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க, வாங்க. ஆபீஸ்ல இருந்து எங்கூருக்கு ஒருத்தரு வந்ததே இல்லீங்க. அம்மணி, காத்தாடிக்குக் கீழ உக்காருங்க. ஊட்டுக்குப் போயிருக்கலாம், பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குதுங்க, ஒரே கூட்டம்.” யாரையோ அனுப்பி இளநீர் வரவழைத்தார். நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜுலு சார் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினார். “எங்க மிஷின்ல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. மேசையில பேசறது உங்க லைனுக்கு வந்திருக்குது. உங்களுக்கு எதுனா கேட்டுதுங்களா?”

“என்னதுங்க?”

“பேச்சு. சிரிப்பு.”

“ஒண்ணும் கேக்கலீங்களே. பூத்துல எந்நேரமும் ஒரே எரைச்சல். வெளிய லாரி போவுது, பஸ்ஸு போவுது. நீங்க சொல்றதே எனக்குப் பாதிதானுங்க கேக்கும்.” சிரித்தார். “அதுக்காவ இத்தனை தூரம் வந்தீங்களாக்கும்?”

ராஜுலு சார் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை என்பவரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்பது? நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் நாச்சிமுத்து மகளைப் பற்றியும், மழை பற்றியும், பருத்திக்கு வந்த புழுவைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். எங்களைப் பேசவிடவில்லை. அவ்வளவு மரியாதையோடு ஒருவர் என் வாயை அடைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை வந்தார். கோவை பஸ் தூரத்தில் தெரிந்தது. அப்போது ராஜுலு சாரிடம் மெதுவாகச் சொன்னார்:

“ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தக் காங்கேயத்துத் தம்பியவே போடறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நானே நிருபர் கார்டைக் குடுத்தனுப்பிடறேன். நிறுத்திட்டாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு வேண்டாம் பாருங்க.”

காங்கேயத்து இளைஞரைப் பற்றி அவருக்கு யாரும் எழுதவில்லை, சொல்லவில்லை. மேசையில் தனபால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னது அது.

“நீங்கதானுங்க நிருபர். பொறுப்பாசிரியரே சொல்லிட்டாரு” என்றார் ராஜுலு சார்.

“ரொம்ப சந்தோசமுங்க” என்று கைகூப்பினார் நாச்சிமுத்து. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதை அவர் உணர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. இடம் பிடித்து உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, “அம்மணி, பார்த்துப் போங்க” என்றார். என் சிரிப்பை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார், என் குரலோடு அதைச் சேர்த்துப் பார்த்திருப்பாரா என்று காங்கேயம்வரை எண்ணிக்கொண்டு வந்தேன். சிங்காநல்லூர் தாண்டியதும் ராஜுலு சார், “நாந்தாம்மா சோதிக்காம விட்டேன்” என்றார். இல்லை சார் என்று சொல்ல வந்தேன். சோதித்திருந்தால் எங்கள் பேச்சு அவருக்குக் கேட்காமல் இருந்திருக்கும். ஆனால் பேச்சு இருந்திருக்கும்.

மறுநாள் மாலை செய்தி மேசையில் வழக்கத்தைவிடக் கூட்டம் குறைவு. தனபால் தாளை எடுத்து, தேதி எழுதி, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. அவரே எடுத்தார்.

“ஐயா, வணக்கமுங்க. சொல்லுங்க” என்றார்.

பேசியது ஒரு பெண். வெள்ளகோவில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்ப்பவராம். பத்திரிகைக்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, நிறுத்தாமல், வேகமாக வாசித்தார். வெள்ளகோவில் செய்திகள் அதற்குப் பிறகு பல வருடம் நாச்சிமுத்து பெயரிலேயே வந்தன. தொலைபேசியில் அவற்றைச் சொன்னது அந்தப் பெண்தான்.